முப்பத்தேழு தடவ அறுந்த நட்சத்திரம்

மேகம் ஜன்னல் வழியா வந்து மேசை மேல உக்காருற மலை அது. உச்சியில ஒரு வானாய்வு நிலையம். மேகம் வந்தா போதும், இன்டர்நெட் லைன் அறுந்துடும்! அங்க தற்காலிக ஆபரேட்டர் செண்பகவல்லி.

டைரக்டர் வரதராஜுலு கூப்பிட்டாரு. "இந்த நட்சத்திரப் படம் இங்க நடக்கப்போற சாயங்கால விழாவுக்குள்ள சென்னை ஆபீஸுக்குப் போயிருக்கணும். லைன் ஒரு தடவ அறுந்தாலும் உனக்கு வேலை கெடையாது."

"மேகத்துக்கிட்டயும் சொல்லிட்டீங்களா சார்?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு!"

கறுப்புத் திரையில கட்டளை அடிச்சு ஃபைல் அனுப்புற ப்ரோக்ராம் அது. லைன் அறுந்தா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். வல்லி அதோட செட்டிங்ஸைத் தொறந்து ரெண்டே வரி சேத்தா: அறுந்தா திரும்ப இணை, விட்ட எடத்துலேர்ந்து அனுப்பு. மேகம் வந்துச்சு, போச்சு, வந்துச்சு. நட்சத்திரம் தூக்கத்துல நடக்குற மாதிரி மெதுவா மலை எறங்குச்சு.

விழாவுல டைரக்டர் ஒரு மணி நேரம் பேசுனாரு. மைக் நாலு தடவ செத்துச்சு. கடைசியா ஒரு பேப்பரை ஆட்டுனாரு. "லைன் முப்பத்தேழு தடவ அறுந்திருக்கு! இந்தப் பொண்ணு நாளையிலேர்ந்து வர வேணாம்."

வல்லி எழுந்தா. "படம் முழுசா போயிடுச்சு சார். உங்க மைக் நின்னப்பல்லாம் திரும்ப 'பெரியோர்களே'ன்னா ஆரம்பிச்சீங்க? விட்ட எடத்துலேர்ந்துதானே பேசுனீங்க? நானும் அதைத்தான் எழுதி வெச்சேன்."

சென்னையிலேர்ந்து வந்த பெரிய விஞ்ஞானி போனைப் பாத்துட்டுச் சிரிச்சாரு. "படம் அப்படியே ஜொலிக்குது. இவங்களை அனுப்பிடாதீங்க சார்!"

டைரக்டர் பதில் சொல்ல வாயத் தொறந்தாரு. மைக் செத்துச்சு. திரும்ப உயிர் வந்தப்போ, இந்தத் தடவ அவரு 'வர வேணாம்'னு விட்ட எடத்துலேர்ந்து தொடரவேயில்ல.