புலியிடம் வேலைக்குப் போன ஆட்காட்டி

ஏரிக்கரைப் புல்வெளியில் செங்கண்ணி என்றோர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். புல் அசைந்தால் கத்துவாள். தவளை தாவினால் கத்துவாள். யார் வந்தாலும் ஊரைக் கூட்டிவிட்டுத்தான் மறுவேலை.

"இந்த வாயை வைத்துக்கொண்டு எங்கே உருப்படப் போகிறாய்?" என்று அவள் அப்பா புலம்புவார். கடைசியில் யார் யாரையோ பிடித்து, வரியன் என்ற புலியிடம் அவளைச் சேர்த்துவிட்டார்.

"புலி வீட்டு உத்தியோகம். எலும்பைச் சுற்றி மொய்க்கும் பூச்சியே வயிறு நிறையக் கிடைக்கும். வாயை மட்டும் மூடிக்கொள்" என்றார்.

வேலை சுலபம்தான். முன்னால் பறந்து போய், மான்கள் மேயும் இடத்தைப் பார்த்து, வரியன் காதோடு சொல்ல வேண்டும்.

முதல் நாள் செங்கண்ணி சரியாகச் சொன்னாள். வரியன் பதுங்கிப் பதுங்கிப் போனான். புல் அசைந்தது. அவ்வளவுதான், அவள் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. மான்கள் ஓடியே போயின.

"யாரைப் பார்த்துக் கத்தினாய்?" என்றான் வரியன்.

"உங்களைத்தான் ஐயா. அவ்வளவு பயங்கரமாக இருந்தீர்கள்."

வரியனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. விட்டுவிட்டான்.

மறுநாளும் அப்படியே ஆயிற்று. இந்த முறை அவனுக்குப் பெருமை வரவில்லை, பசிதான் வந்தது.

"இன்னொரு தடவை கத்தினால் மானுக்குப் பதில் நீதான்."

செங்கண்ணி நடுங்கிப்போனாள். அடுத்த வேட்டைக்கு அலகு நிறையச் சேற்றை அடைத்துக்கொண்டு வந்தாள். ஏரியில் ஒரு குட்டிமான் முதுகைக் காட்டியபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வரியன் நெருங்கினான். அவளுக்கு மூச்சு முட்டியது. சேற்றைத் துப்பினாள். கத்தினாள். குட்டி தப்பியது.

வரியன் அவள்மேல் பாய்ந்தான். நகத்தில் ஒரு வால் இறகுதான் சிக்கியது.

இனி பறிபோக வேலையும் இல்லை, வாயை அடக்க வேண்டியதும் இல்லை. அவன் தலைக்கு மேலேயே பறந்து, "புலி வருகிறது! புலி வருகிறது!" என்று குகைவரை கத்திக்கொண்டே போனாள். இத்தனை சந்தோஷம் அவளுக்கு எந்த நாளும் வந்ததில்லை.

மறுநாள் குட்டியின் தாய்மான் அவளைத் தேடி வந்தது. "எங்களோடு இரு. நாங்கள் மேயும்போது கிளம்பும் பூச்சியெல்லாம் உனக்கு."

"நான் என்ன வேலை செய்ய வேண்டும்?"

"கத்த வேண்டும்."

அது கேலி செய்கிறதோ என்று செங்கண்ணிக்குச் சந்தேகம். "அதற்கெல்லாம் ஆள் வைப்பார்களா?"

"உன்னைவிட நன்றாகக் கத்துகிறவர் யார் இருக்கிறார், சொல்."

செய்தி கேட்டு அப்பா அலறியடித்துக்கொண்டு வந்தார். "புலி வீட்டு உத்தியோகத்தை உதறிவிட்டு மான்களோடு என்ன..." என்று தொடங்கியவருக்குப் பின்னால் புல் அசைந்தது. செங்கண்ணி கத்தினாள். அப்பா எழும்பிப் பறக்கவும் வரியன் வெறும் தரையில் விழவும் சரியாக இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் உத்தியோகத்தைப் பற்றிப் பேசவில்லை. "இங்கே பூச்சி எப்படி, ருசியாக இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

இயல்பாக வரும் திறமையை மூடி வைக்கச் சொல்லும் வேலை எவ்வளவு பெரியதானாலும் நிலைக்காது. அதையே விரும்பிக் கேட்கும் வேலைதான் நமக்கும் பிறர்க்கும் நன்மை தரும்.