உறைந்த இயந்திரமும் இரகசிய எண்ணும்

மாணவர்கள் கல்லூரி இடங்களைத் தேர்ந்தெடுக்கும் இணையவாயில் பதினொரு மணிக்குத் திறக்கவிருந்தது. இருபது நிமிடமே எஞ்சியிருந்த வேளையில் தில்லைநாயகம் மெய்யம்மையின் மேசை முன் வந்து நின்றார். வயதில் அவர் பதினெட்டு ஆண்டு மூத்தவர். எனினும் வாயிலை இயக்கும் கணினி வேலையை மெய்யம்மையிடமே கற்றுவந்தார்.

ஒரு மாணவர் வாயிலில் நுழைந்ததும் அவருக்கென ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரம், அதாவது பெரிய கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் ஒரு குட்டிக் கணினி, விழித்தெழும். அவர் வேலை முடிந்ததும் அழிந்துவிடும். எழுந்து ஆயத்தமாவதற்கே அதற்கு நான்கு நொடி பிடித்தது. அது எழுவதற்குள் பிள்ளைகள் பட்டமே வாங்கிவிடுவார்கள் என்று தில்லைநாயகம் கேலி பேசுவது வழக்கம். இம்முறை காத்திருப்பே இராது என்று மாணவர் சேர்க்கை அதிகாரியிடம் வாக்கும் கொடுத்திருந்தார்.

அதற்கு வழியும் கண்டிருந்தார். ஓர் இயந்திரத்தை முழுமையாக எழுப்பி, அந்நிலையிலேயே உறையச் செய்துவிட்டால், வேண்டும்போதெல்லாம் அதன் நகல்களை எழுப்பிக்கொள்ளலாம். இமைக்கும் நேரம்கூட ஆகாது.

“அனுமதி கொடுங்கள், மேடம். திறந்துவிடுகிறேன்.”

மெய்யம்மை இரண்டு நகல்களை எழுப்பச் சொன்னார். இரண்டும் ஒரே கணத்தில் எழுந்தன. தில்லைநாயகத்தின் முகம் மலர்ந்தது.

“முதல் இயந்திரத்தின் இரகசிய எண்ணைப் படியுங்கள், சார்.”

ஒரு மாணவரின் விருப்பப் பட்டியலைப் பிறர் தொடாதபடி பூட்டிவைக்கும் எண் அது. எவரும் ஊகிக்க இயலாதவாறு இயந்திரமே அதைத் தேர்ந்தெடுக்கும். நேரம் ஓடுகையில் இதைப் படிப்பானேன் என்று எண்ணியபடியே தில்லைநாயகம் இருபது இலக்கங்களையும் படித்தார்.

“இரண்டாவதினுடையது?”

ஆறாவது இலக்கத்தில் அவர் குரல் தடுமாறியது, பதினோராவதில் நின்றுபோயிற்று. எஞ்சியவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தார். ஓர் இலக்கமும் மாறவில்லை.

மூன்று இலட்சம் மாணவர்கள், மூன்று இலட்சம் பூட்டுகள், ஒரே சாவி. எவளோ ஒருத்தி தேர்ந்த இடத்தை, முகமறியாத எவனும் திறந்து மாற்றிவிடலாம்.

தில்லைநாயகத்தின் கைப்பேசி ஒலித்தது. வாயில் ஆயத்தமா என்று அதிகாரி வினவினார். தில்லைநாயகம் மெய்யம்மையைப் பார்த்தார். மெய்யம்மை பதிலை அவரிடமே விட்டுவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார்.

“திறக்கலாம், ஐயா. ஆனால் பழைய வழியில்தான். பிள்ளைகள் நான்கு நொடி காத்திருக்க வேண்டும். நான் கொடுத்த வாக்கு பொய்த்துவிட்டது.”

மறுமுனையில் பொழிந்த வசவை இறுதிவரை கேட்டுக்கொண்டார். பழைய வழியைத் திரும்ப அமைத்து முடித்தபோது பதினொன்றாக இரண்டு நிமிடம் இருந்தது. அதன் பிறகே அமர்ந்தார்.

“உறையவைத்ததே பிழையா, மேடம்?”

“இல்லை. எந்நிலையில் உறையவைத்தீர்கள்?”

“எல்லாம் முடிந்த பிறகு. எழுந்தபின் அது செய்வதற்கு ஒன்றையும் நான் மிச்சம் வைக்கவில்லை.”

“அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதைக்கூட?”

அவர் தலைகுனிந்தார். பிறகு கேட்டார்: “அப்படியானால், அதை எதுவரை ஆயத்தம் செய்யலாம்?”

மெய்யம்மை இரு நகல்களையும் அழித்தார்.

“தனக்கென ஒன்றை அது தேர்ந்தெடுப்பதற்குச் சற்று முன்புவரை.”