கடைசிக் கூடை மண்

"அம்மா, இந்த ஆளை என்னால எழுத முடியலை."

சொன்னவர் எயினனார். பெரிய புலவர். அரண்மனை அரண்மனையாகப் போய்ப் பாடிப் பரிசு வாங்கியவர். தாடி நரைத்த பிறகு, போதும்டா சாமி இந்தப் புகழ்ச்சி என்று எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஆலியம்மையிடம் சீடனாகச் சேர வெள்ளைப்பாறை மலை ஏறி வந்தவர்.

ஆலியம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். மலைக் குகையில் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறவர். அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எந்த ஆளை?"

"வேற யாரை? கொற்றவேளைத்தான்."

ஆலியம்மை பூச்சி அரித்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

கொற்றவேளை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. ராஜாவாக இருந்து, செத்து, தலைமுறைகள் ஓடிவிட்டன. ஆனாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன்தான். மலைமேல் நின்று கீழே பார்த்தால் அவன் உண்டாக்கிய ஏரி கிடக்கும்.

ஏரியா அது! அக்கரை கண்ணுக்கு எட்டாது. முதல் தடவை பார்க்கிறவன் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவான். வருஷக்கணக்காகப் பார்க்கிறவனும் சில நாள் அப்படித்தான் நிற்பான். ஒரு மனுஷன் நினைத்து, இதைச் செய்து முடித்தான் என்றால் மனம் நம்ப மறுக்கும்.

ஏரிக்கரையில் அவனுக்குக் கல்லில் சிலை உண்டு. அந்தத் தண்ணீரால் பிழைத்த கரையூர்க்காரர்கள் அதற்கு மாலை போடுவார்கள். மலையடிக்காரர்கள் காறித் துப்பிவிட்டுப் போவார்கள்.

துப்பமாட்டார்களா பின்னே? அவர்களுடைய பழைய ஊர் பாறைக்குடி அந்தத் தண்ணீருக்கு அடியில் அல்லவா கிடக்கிறது.

இந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஆலியம்மையின் குகையில் படித்தார்கள். ஒரே பாறை நிழலில் உட்கார்ந்து ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தார்கள். அந்த நாட்டில் அப்படி ஓர் இடம் வேறெங்கும் கிடையாது.

எயினனார் வந்து சேர்ந்த அன்றே ஆலியம்மை சொல்லிவிட்டார்.

"கொற்றவேள் கதையை என் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடும், புலவரே. பிள்ளைகள் உம்ம சுவடியை ஏத்துக்கிட்டா நானும் உம்மை ஏத்துக்கிறேன்."

இவ்வளவுதானா, இதென்ன பிரமாதம் என்றுதான் புலவரும் நினைத்தார்.

இப்போது வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"என்ன கஷ்டம் உமக்கு?"

"நல்லவன்னு எழுதினா மலையடிப் பிள்ளைங்க எழுந்து போயிடும். கெட்டவன்னு எழுதினா கரையூர்ப் பிள்ளைங்க எழுந்து போயிடும். ரெண்டையும் எழுதினா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். இந்தப் பள்ளிக்கூடம் என் கையால உடையணுமா அம்மா?"

"அதனால?"

புலவர் மடியிலிருந்து இரண்டு சுவடிக் கட்டுகளை எடுத்தார். முகத்தில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை.

"ரெண்டா எழுதிட்டேன்."

ஆலியம்மை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"இது கரையூர்ப் பிள்ளைங்களுக்கு. இது மலையடிப் பிள்ளைங்களுக்கு. ரெண்டுலயும் ஏட்டு வரிசை ஒண்ணுதான். முதல் ஏடு பிறப்பு, அடுத்தது பட்டம் கட்டினது, அப்புறம் பஞ்சம், அப்புறம் ஏரி, இப்படியே கடைசிவரை. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து படிச்சாலும் ஒண்ணாவே ஏடு திருப்புவாங்க. ஒருத்தருக்கும் சந்தேகம் வராது."

அரண்மனைப் புத்தி எங்கே போகும்? கேட்கிறவர் முகம் பார்த்தே பாடிப் பழகிய நாக்கு. ஆனால் மனுஷனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

"பொய் எழுதினீரா?"

"நானாச் சேர்த்தது ஒரு வரி கிடையாது. கல்வெட்டுல இருக்கிறது, ரெண்டு ஊர்ப் பெரியவங்களும் சொன்னது. அவ்வளவுதான்."

"இப்படிக் கொடும்."

ஆலியம்மை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு இரண்டு கட்டுகளையும் வாங்கினார். இதன் கயிற்றை உருவினார். அதன் கயிற்றையும் உருவினார். அத்தனை ஏடுகளையும் மடியில் கொட்டிக் கலைத்தார்.

"ஐயோ அம்மா! என்ன பண்றீங்க!"

"பிள்ளைகளா, ஓடி வாங்க! புதுச் சுவடி வந்திருக்கு!"

புலவர் பதறிப்போய் ஏடுகளைப் பொறுக்கப் போனார். ஏன் என்றால், அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சுவடி எது வந்தாலும் முதலில் பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பார்கள். படிக்கும்போது எழுதினவரிடம் சில்லறைச் சந்தேகம் எவ்வளவும் கேட்கலாம். சுவடியின் தலைவிதியைத் தீர்க்கிற கேள்வி மட்டும் ஒன்றே ஒன்றுதான். அது எல்லாப் பிள்ளைகளும் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட கேள்வியாக இருக்க வேண்டும். எழுதினவர் பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் சுவடியைக் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட வேண்டும்.

எத்தனையோ பெரிய புலவர்களின் சுவடிகள் அப்படித் தண்ணீருக்குள் போயிருக்கின்றன.

பிள்ளைகள் இரைச்சலோடு வந்து உட்கார்ந்தார்கள். ஆலியம்மை ஆளுக்கு ஒரு ஏட்டை நீட்டினார். யார் கையில் எது போகிறது என்று பார்க்கவே இல்லை. கொடுத்துவிட்டுப் போய் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

"முதல் ஏடு யார்கிட்ட?" என்றார் அங்கிருந்தே.

இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் படிங்க."

"கொற்றவேள் பிறந்த அன்று நாடெங்கும் மழை பெய்தது."

"கொற்றவேள் பிறந்த அன்று அவன் அப்பன் பக்கத்து நாட்டை எரித்துக்கொண்டிருந்தான்."

"மழையில எப்படிடா எரியும்?" என்று ஒருத்தன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

புலவர் சிரிக்கவில்லை.

பஞ்சத்து ஏடு வந்தது.

"பஞ்சத்தில் ராஜா களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். ஊர்ப் பிள்ளைகள் கஞ்சி குடித்த பிறகுதான் தான் குடித்தான்."

"களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி முதலில் கேட்ட மந்திரியை ராஜா பாதாளச் சிறையில் போட்டான். அந்த மந்திரி வெளியே வரவேயில்லை."

"பொய்!" என்றது ஒரு குரல்.

"உன்னுதுதான் பொய்!" என்றது இன்னொன்று.

எல்லாத் தலையும் புலவர் பக்கம் திரும்பியது.

"ரெண்டும் நடந்ததுதான்," என்றார் புலவர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அடுத்து ஏரி ஏடு. எழுந்தவர்களைப் பார்த்ததும் புலவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒருத்தி பூதி, மலையடிப் பெண். ஏரியில் மூழ்கிய பாறைக்குடித் தலைவன் வழியில் வந்தவள். இன்னொருவன் அரையன். சிலைக்கு முதல் மாலை போடுகிற கரையூர்க் குடும்பத்துப் பிள்ளை.

சொல்லி வைத்த மாதிரி, ஏடு மாறிப் போயிருந்தது.

பூதி படித்தாள்.

"ராஜா கூலியாட்களோடு மண் சுமந்தான். தலைச் சும்மாடு ரத்தத்தில் நனைந்தது. இறக்கி வையுங்கள் என்று எல்லாரும் கெஞ்சினார்கள். என் ஜனங்கள் தாகத்தில் இருக்கிறார்கள் என்றான். கடைசிக் கூடை மண்ணை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. தானே சுமந்துபோய்த் தானே கொட்டினான்."

பூதி நிறுத்திவிட்டாள்.

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு தாயே."

"இது அவனா? அவனேவா?"

"அவனேதான்."

அவள் ஏட்டைக் கிட்டத்தில் வைத்து அந்த வரியை மறுபடி பார்த்தாள். அரையன் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தான்.

"பாறைக்குடிக்காரர்கள் ஊரை விட்டுப் போக மறுத்தார்கள். எங்களைப் பெற்றவர்களை இங்கேதான் புதைத்திருக்கிறோம் என்றார்கள். ராஜா ஆள் அனுப்பிப் பார்த்தான். அவர்கள் அசையவில்லை. கரையில் மிச்சமிருந்த திறப்பை அடைக்கச் சொன்னான். ஊருக்குள்..."

அதற்குமேல் அவனால் முடியவில்லை.

மிச்சத்தைப் பூதி சொன்னாள். ஏட்டைப் பார்க்காமலே சொன்னாள். அவள் வீட்டில் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்த கதை அது.

"ஊருக்குள்ள நடக்க முடியாத கிழங்க இருந்துச்சு. அன்னிக்குக் காலையில பிள்ளை பெத்தவ ஒருத்தி இருந்தா. எல்லாரும் இருந்தாங்க. தண்ணி ஏறுச்சு. மலையேறித் தப்பினது கொஞ்சம் பேருதான்."



முன்வரிசையில் ஒரு வாண்டு மெல்லக் கேட்டது.

"அந்தத் திறப்பை அடைச்சது, அவர் கொட்டின கடைசிக் கூடையா?"

புலவர் இரண்டு பேர் கையிலிருந்த ஏட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டு வரியையும் எழுதியது அவர்தான். இந்தக் கையால்தான் எழுதினார். ஒன்றை ஒரு மாதம், மற்றதை வேறொரு மாதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. ரத்தம் ஒழுக ஒழுக அந்த மனிதன் சுமந்துபோன கூடையும், அந்த ஊரை மூடிய கூடையும் ஒரே கூடை. ஒரே தலை. ஒரே நடை.

"ஆமா," என்றார். "அதே கூடைதான்."

பிள்ளைகள் யாரும் சொல்லாமலே திரும்பிக் கீழே ஏரியைப் பார்த்தார்கள். வெயிலில் அது பளபளவென்று வானத்தின் கடைசிவரை கிடந்தது. தினமும் குடிக்கிற தண்ணீர். கரையூர்ப் பிள்ளையும் பார்த்தது, மலையடிப் பிள்ளையும் பார்த்தது. புலவரும் பார்த்தார். அடேயப்பா, எவ்வளவு பெரிய ஏரி! அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றாள் பூதி.

"என்னுதுலயும்," என்றான் அரையன்.

"தண்ணீர் ஏறுவதைப் பார்த்து ராஜா அழுதான்."

"தண்ணீர் ஏறுவதைப் பார்த்து ராஜா சிரித்தான்."

அவ்வளவுதான். குகையே கூச்சலாகிவிட்டது.

"கேள்வி கேக்கணும்! கேள்வி கேக்கணும்!"

பிள்ளைகள் கூட்டமாகத் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். அதைக் கேளுடா, அது வேண்டாம்டி என்று ஒரே கசமுசா. பூதியும் அரையனும் எதிரும் புதிருமாகக் கையை ஆட்டிப் பேசினார்கள். பிறகு இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

அரையன்தான் கேட்டான்.

"ஐயா, அழுதாரா, சிரிச்சாரா?"

புலவர் ஆலியம்மையைப் பார்த்தார். அவர் கீரைக் காம்பை முறித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

அழுதார் என்று கரையூர்ப் பெரியவர்கள் சத்தியம் செய்தார்கள். சிரித்தான் என்று மலையடிப் பெரியவர்கள் சத்தியம் செய்தார்கள். அழுதார் என்று இப்போது சொன்னால் பாதிப் பிள்ளைகள் எழுந்து மலை இறங்கும். சிரித்தார் என்றால் மறுபாதி இறங்கும். ரெண்டும் என்று சொல்லிப் பார்க்கலாம். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அரண்மனையில் எத்தனை தடவை இந்த மாதிரி வாய்ஜாலத்தால் தப்பித்திருக்கிறார்!

பூதி கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது," என்றார் புலவர்.

சொன்னதும் அவருக்கு எல்லாம் தீர்ந்தது. வழக்கம் வழக்கம்தான். சுவடியும் போயிற்று, சீடனாகிற ஆசையும் போயிற்று. பள்ளியாவது பிழைக்கட்டும் என்று எழுந்து, பிள்ளைகளிடமிருந்து ஏடுகளை ஒவ்வொன்றாக வாங்கினார். பூதியிடம் கை நீட்டினார்.

அவள் ஏட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தரமாட்டேன்."

"கொடு தாயே. ஏரியில விடணும். பதில் தெரியலையே எனக்கு."

"எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அவன் சிரிச்சான்னு. இவன் வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அவர் அழுதாருன்னு. தெரியாதுன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்."

அரையன் தன் ஏட்டைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

புலவர் திகைத்துப்போய்த் திரும்பினார். கீரை முறம் மட்டும் கிடந்தது. ஆலியம்மை அங்கே இல்லை.

தேடினார். பிள்ளைகளோடு பிள்ளையாகக் கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் ஏரிமேல் இருந்தது. கன்னம் ஈரமாக இருந்தது.

"அம்மா, வழக்கம் என்னாகிறது?"

"வாங்கினதை எல்லாம் பிள்ளைங்ககிட்டத் திருப்பிக் கொடும்," என்றார் ஆலியம்மை. கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். "கொடுத்துட்டு இங்கே வந்து உட்காரும். கதை பாதியில நிக்குது."

பூதி முன்பக்கம் திரும்பினாள்.

"அடுத்த ஏடு யார்கிட்ட?"

இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.