ரெண்டு சில்வண்டும் ஒரு சொட்டும்

மொட்டு காத்துல இருந்தான். அவனப் பிடிக்க வேண்டிய கை அங்க இல்ல!

கண் சிமிட்டுற நேரம்தான். அம்மா மந்தி சாம்பி சரியா தாளத்துக்குத்தான் குட்டிய விட்டா. ஆனா எதிர்க்கரைல இருந்து விழுதுல ஆடி வர வேண்டிய அவ அக்கா நீலி, இன்னும் பாதி வழிலதான் இருந்தா. கீழ வெள்ளம் காடே அதிர்ற மாதிரி ஓடிட்டு இருந்துச்சு.

"அக்கா!"

"வந்துட்டேன்டி, வந்துட்டேன்!"

நீலி நடுவுக்கு வந்து கைய நீட்டினப்போ வெறும் சாரல்தான் கைல பட்டுச்சு.

கரைல ஒரு கல்லு மேல உக்காந்து தாளம் போட்டுட்டு இருந்த தேரை தொம்புவோட கை அப்படியே நின்னுபோச்சு. அவன் பக்கத்துல இருந்த சில்வண்டு மட்டும் நிறுத்தல. சில் சில் சில் சில்னு, அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டே இருந்துச்சு.

இருங்க, இது எப்படி ஆச்சுன்னு சொல்லிடறேன்.

அந்தக் காட்டுல வருசா வருசம் ஆறு பெருக ஆரம்பிச்சதும் மந்திங்க எல்லாம் எதிர்க்கரை மேட்டுக்குப் போயிடணும். இந்தக் கரை பள்ளம், வெள்ளம் ஏறினா மரமெல்லாம் முங்கிடும். ஆனா குட்டிய இடுப்புல வெச்சுக்கிட்டு அவ்ளோ அகலத்த யாராலயும் தாவ முடியாது. அதனால முதல்ல ரெண்டு மூணு பேர் குட்டி இல்லாம தாவிப் போயிடுவாங்க. அப்புறம் இந்தக் கரைல ஒருத்தி, அந்தக் கரைல ஒருத்தி, ஆளுக்கொரு ஆலவிழுதப் பிடிச்சுக்கிட்டு ஒரே நேரத்துல ஆடி வருவாங்க. நடு ஆத்துல குட்டி கை மாறும்!

பக்கத்துலயே அருவி விழறதால, அந்தச் சாரல்ல ஒருத்திய ஒருத்தி பாக்க முடியாது. எப்பக் கிளம்பணும்னு பாட்டுதான் சொல்லும். அதுக்குப் பேரு கைமாத்துப் பாட்டு. ஒவ்வொரு குட்டிக்கும் அதுல ஒரு இடம் உண்டு. அந்த இடம் வந்துச்சா, ரெண்டு கரையும் ஒண்ணாக் கிளம்பணும்.

அந்தப் பாட்டுக்குத் தாளம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? ஒரு நண்டுகிட்ட இருந்து!

ஆத்து நடுவுல, வெள்ளமும் எட்டாத உசரத்துல ஒரு பொந்துப் பாறை. அதோட கூரைல இருந்து வெயிலோ மழையோ ஒரே சீரா தண்ணி சொட்டும். சொட்டு விழற எடத்துல ஒரு நண்டு குடியிருந்துச்சு. தலைல சொட்டு விழும். கொடுக்கு படக்னு மூடும். பொந்து அந்தச் சத்தத்த 'டொக்'னு பெருசாக்கி ரெண்டு கரைக்கும் அனுப்பும்.

தொம்பு அந்த வருசம்தான் பாட்டுக்குத் தலைவன் ஆனான். ஆனதுல இருந்து கால் தரைல படல! ராத்திரி பகலா ஒரு புதுப் பாட்டு கட்டினான். குலுக்கல் என்ன, சுழட்டல் என்ன, அடுக்கடுக்கா சின்னச் சின்ன அடி என்ன! ஆனா அது எதுவும் நண்டோட தாளத்துல அடங்கல.

"ஏன் நண்டண்ணே, ஒரு டொக்குக்கும் அடுத்த டொக்குக்கும் நடுவுல நான் ஒரு குட்டித் தூக்கமே போட்டுடலாம் போல இருக்கே!"

"போடேன், யாரு வேணாம்னா?" நண்டு சிடுசிடுத்துச்சு. "எனக்குத் தாளமும் தெரியாது, கூளமும் தெரியாது. மண்டைல விழுது, கொடுக்கு மூடுது. வேற நல்ல பொந்து கிடைச்சா நான் ஏன் இங்க நனைஞ்சுட்டு இருக்கேன்?"

அப்பத்தான் தொம்பு கண்ணுல சில்வண்டு அண்ணன் தம்பி ரெண்டு பேர் பட்டாங்க. சில்லு, சிமிட்டி. ஒரு சொட்டு விழறதுக்குள்ள ரெண்டு பேரும் எத்தனையோ தடவ சில் சில்லுனு அடிச்சுடுவாங்க! தொம்புக்கு அழுகையே வந்துடுச்சு, அவ்ளோ சந்தோசம்! சத்தம் மெலிசுதான், ஆத்தத் தாண்டாது. அதனால என்ன? கரைக்கு ஒருத்தனா வெச்சுக்கலாமே! அங்க சிமிட்டி எண்ணுவான், மரங்கொத்தி அதக் கேட்டுத் தட்டும். இங்க சில்லு எண்ணுவான், தொம்பு தட்டுவான்.

உச்சி வெயில்ல ரெண்டு பேரையும் ஒரே கிளைல உக்கார வெச்சுக் காட்டுக்கே வேடிக்கை காட்டினான். மயிரிழை பிசகல!

"பாத்தீங்களா! எவ்ளோ பொடிசா எண்ணுறாங்க பாத்தீங்களா! அந்த நண்டுக்கு இது வருமா?"

எல்லாரும் கை தட்டினாங்க. சாம்பி மட்டும் மொட்டுவ மடில வெச்சுக்கிட்டு யோசனையா இருந்தா. மொட்டுவுக்கு அப்பத்தான் பல்லு முளைக்குது. அம்மா வாலக் கடிச்சுக்கிட்டு இருந்தான்.

"தொம்பு, மழை வந்தாலும் இவங்க இப்படியே அடிப்பாங்களா?"

"அடிப்பாங்க சாம்பியக்கா!"

"மழைல வெச்சுப் பாத்தியா?"

"மழைல நனைஞ்சுட்டு யாராவது சோதிப்பாங்களாக்கா! இப்பப் பாத்தல்ல, அப்புறம் என்ன?"

சாம்பி மொட்டுவோட வாய்ல இருந்து வால மெதுவா எடுத்தா. அப்புறம் சொன்னா, "சரிப்பா. உன்ன நம்பித்தான் இவனக் கைய விட்டு விடறேன்."

ஆத்துல வெள்ளம் வந்த அன்னைக்கு எதிர்க்கரை மேல மேகம் கவிஞ்சுருச்சு. அங்க குளிர்காத்து. இந்தக் கரைல இன்னும் சுள்ளுனு வெயில். தொம்பு "ஆரம்பிங்க!"னு ஒரு குரல் கொடுத்தான். ரெண்டு கரையும் ஒண்ணாத்தான் ஆரம்பிச்சுச்சு.

முதல் குட்டி பூ மாதிரி கை மாறுச்சு.

ரெண்டாவது குட்டிய எதிர்க்கரைக்காரி கடைசி நேரத்துல வாலப் பிடிச்சுத்தான் காப்பாத்தினா. "அடி ஆத்தி, வாலு நீளமா இருந்ததும் நல்லதாப் போச்சு!"னு எல்லாரும் சிரிச்சாங்க. தொம்புவும் சிரிச்சான். ஆனா நிறுத்தலாமான்னு நினைச்சான். அதுக்குள்ள அவன் ரொம்ப ஆசையாக் கட்டின சுழட்டல் வந்துடுச்சு. என்ன அழகா இருந்துச்சு! அத நடுவுல நிறுத்த அவனுக்கு மனசு வரல.

அடுத்தது மொட்டுவோட இடம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

சாம்பி விழுதுல ஆடித் திரும்பி வந்தா. அவ கை இன்னும் குட்டியப் பிடிச்ச மாதிரியே வளைஞ்சிருந்துச்சு. அவ திட்டல, அடிக்கல. "அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லு தொம்பு,"ன்னா. அவ்ளோதான்.

சில்லு மிரண்டு போய் நிறுத்தினான். "நான் எதுவும் தப்பு பண்ணலையே!"

"உன் தம்பி ஏன்டா பிந்தினான்?" தொம்பு கத்தினான்.

"அவன் குளிர்ல இருக்கான். வெயில்ல நாங்க வேகமா அடிப்போம், குளிர்ந்தா மெதுவா அடிப்போம். பொறந்ததுல இருந்தே அப்படித்தான். நீ கேக்கவே இல்லையே!"

மிச்ச குட்டிங்கள நண்டோட டொக்குலதான் அனுப்பினாங்க. பாட்டு மெதுவாத்தான் போச்சு. ஒரு கையும் தப்பல. மூணு நாள் ஆத்தோரம் பூரா தேடினாங்க. மொட்டு கிடைக்கல.

அடுத்த வருசம் தொம்பு தலைவனா வர மாட்டேன்னான். சாம்பிதான் போய்க் கூப்பிட்டா.

"நீதான் வரணும். பாட்டுல மொட்டுவோட இடத்த வேற யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க."

மேகம் கவிஞ்ச நாளா, வெயில் நாளா, நல்லா மழை கொட்டுற நாளாப் பாத்துப் பாத்து ஆத்தோரம் உக்காந்து ஒவ்வொரு டொக்கையும் கேட்டுட்டுத்தான் தொம்பு பாட்ட ஆரம்பிச்சான். குலுக்கல் இல்ல, சுழட்டல் இல்ல. ஒவ்வொரு குட்டியா கை மாறுச்சு. அப்புறம் மொட்டுவோட இடம் வந்துச்சு. அதத் தொம்பு பாட்டுல இருந்து எடுக்கல.

டொக்!

இந்தக் கரைல இருந்து சாம்பியும் அந்தக் கரைல இருந்து நீலியும் விழுதுல கிளம்பினாங்க. சரியா நடுவுல, சாரலுக்குள்ள, நாலு கையும் ஒண்ணா வந்து சேந்துச்சு. ஒரு இம்மி முந்தல, ஒரு இம்மி பிந்தல. கைக்கு நடுவுல ஒண்ணும் இல்ல.

பொடிசா எண்ணுறதெல்லாம் சரியா எண்ணுறது ஆகாது; உயிர ஒப்படைக்கிற தாளத்த நல்ல நாள்ல மட்டும் இல்ல, மோசமான நாள்லயும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் நம்பணும்.

வெயில்ல ஒரு தடவ பாத்துட்டு மழைல நம்பினது, உங்களுக்கும் நடந்திருக்கா?