ஏழுக்கு மேல் எண்ணிய அமைச்சர்

முன்னொரு காலத்தில், சித்திரபானு ஆண்டு ஆவணித் திங்கள் பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை. வானம் மூடியிருந்தது, ஆயினும் மழை பெய்யவில்லை, இலை அசையும் அளவுக்குக்கூடக் காற்று இல்லை. அன்று காலையில் ஒரு நாட்டின் மன்னனுக்கு, கொள்ளைக் காய்ச்சலை வென்றதற்காக விழா எடுக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. மூன்றாம் நாள் தேரோட்டம் என்றும், தலைநகரில் ஒவ்வொரு வீட்டாரும் ஒருவர் விடாமல் வந்து வடம் பிடிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டான்.

காய்ச்சல் ஒழிந்தது என்று மன்னன் நம்பியதற்குக் காரணம் ஓர் எண். தலைமை அமைச்சர் விசையராயர் நாள்தோறும் முரசறைந்து, காய்ச்சலால் அதுவரை இறந்தோர் மொத்தம் எத்தனை பேர் என்று அறிவித்து வந்தார். நாற்பது நாள்களாக அந்த எண் ஏழு. அரண்மனை மருத்துவசாலையின் கட்டிலில், மருத்துவர் கண்முன்னே உயிர்விட்டவர் மட்டுமே காய்ச்சலால் இறந்தவர் என்பது அவர் வகுத்த விதி. அங்கே இருந்த கட்டில்களே ஏழுதான். ஏழாமவர் இறந்த அன்றே அவர் சாலையைப் பூட்டிவிட்டார். வீட்டில் இறந்த முதியோரை ‘முதுமை’ என்றும், இளையோரை ‘நெடும்பயணம் சென்றார்’ என்றும் ஓலையில் எழுதச் செய்தார். மகனை எரித்துவிட்டு வந்த தாயிடம், உன் மகன் பயணம் போயிருக்கிறான் என்று சொல்ல அந்த ஓலைக்காரர்களுக்கு நா கூசவில்லை.

அவ்வரசவையில் கூத்தபிரான் என்றொரு விகடகவி இருந்தார். அவருடைய இன்பமெல்லாம் தம் வீட்டுக் கொல்லையில் இருந்தது. அங்கே முருங்கை மரத்தருகே ஒரு பரண் கட்டி, காலைதோறும் அதில் ஏறி அமர்ந்துகொள்வார். தையல்சிட்டு இலையைத் தைப்பதையும், செண்பகப் பறவை வேலியோரமாக ஓர் அதிகாரியைப் போல நடப்பதையும், தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து ஒன்றையொன்று ஏசிக்கொள்வதையும் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பசி தெரியாது. உச்சிப்பொழுதில் ஒரு பிடி சோறு வைத்தால் நாற்பது காகங்கள் வந்து சண்டையிடும். ஆனால், சென்ற ஒரு திங்களாக ஒரு காகமும் வரவில்லை. ஏன் என்பதைப் பரணிலிருந்து பார்த்து அவர் அறிந்துகொண்டார்.

ஆணை அறிவிக்கப்பட்ட அன்று, அடுத்த வீட்டு நாச்சி வேலிக்கு அப்பால் வந்து நின்றாள். அவள் கணவன் மருதன் செக்காட்டுபவன். இருபது நாள்களுக்கு முன் காய்ச்சலில் இறந்தவன்.

“எங்க வீட்டுக்காரரு பயணம் போயிருக்காருன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்கய்யா. அதனால இது காய்ச்ச வீடு இல்லையாம். மகளுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. அவளையும் தேருக்குக் கூட்டிட்டு வரணுமாம். அந்தக் கூட்டத்துல அவ நின்னா எத்தன வீட்டுக்குப் பரவுமோ, அவதான் திரும்பி வருவாளோ, எனக்குத் தெரியலைங்கய்யா.”

கூத்தபிரான் நேரே அவைக்குச் சென்றார். விழாவைப் புகழ்ந்து அனைவரும் பேசி முடித்த பிறகு எழுந்தார்.

“அரசே, என் கொல்லைக்கு வரும் தவிட்டுக் குருவிகள் ஒரு நாள் ஏழு, மறுநாள் எட்டு. அமைச்சர் பெருமானின் எண் மட்டும் நாற்பது நாள்களாக அசையவில்லை. இறந்தோர் ஏழு பேர் அல்லர் என்று என் பறவைகள் சொல்கின்றன.”

நெடுநாள்களாக அவர்மீது பொறாமை கொண்டிருந்த விசையராயர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

“பறவைகளே சான்றென்றால் பறவைகளே சொல்லட்டும், அரசே. உச்சிப்பொழுதில் இவருடைய கொல்லைக்குச் செல்வோம். அங்கே இவர் ஒரு சொல்லும் பேசக் கூடாது. பேசினாலும், பறவை சான்று கூறாவிட்டாலும், இவரை நாடு கடத்த வேண்டும்.”

மன்னனுக்கு இது வேடிக்கையாகத் தோன்றியது. இசைந்தான்.

உச்சிப்பொழுதில் மன்னனும் அமைச்சரும் கொல்லைக்கு வந்தனர். கூத்தபிரான் வாய் திறவாமல் ஒரு கல்லின்மேல் நெய்ச்சோறு வைத்து, மன்னனை வணங்கிக் கையால் குறிப்புக் காட்டினார். மன்னனே காகத்தை அழைத்தான். மூன்று முறை அழைத்தும் ஒரு காகமும் வரவில்லை.

“சாட்சி வரவில்லை, வழக்கு முடிந்தது” என்றார் அமைச்சர்.

“நாற்பது காகங்கள் உண்டு என்று இவர் எத்தனையோ முறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அவை எங்கே?” என்றான் மன்னன்.

கூத்தபிரான் பரணைச் சுட்டிக்காட்டி, ஏணியைச் சரியாகச் சாத்தி, அமைச்சருக்குக் கைகொடுத்தார். “ஏறிப் பாரும், விசையராயரே” என்றான் மன்னன். அமைச்சர் ஏறினார். மன்னன் கீழிருந்து கேட்டான்.

“காகங்கள் தென்படுகின்றனவா?”

“தென்படுகின்றன, அரசே. மற்ற வீட்டுக் கொல்லைகளில் இலைச்சோறு உண்கின்றன.”

மன்னனின் முகம் மாறியது. அந்நாட்டில் இறப்பு நேர்ந்த வீட்டார் மட்டுமே, ஒரு மண்டலம் வரை, கொல்லையில் இலையிட்டுக் காகத்துக்குச் சோறு வைப்பர். இது மன்னனும் அறிந்த வழக்கம்.

“இலைகளை எண்ணும். உரக்க எண்ணும்.”

அமைச்சர் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்று வந்த குரல் ஏழு என்றதும் நின்றது.

“ஏன் நின்றீர்? உமக்கு அதற்கு மேல் எண் தெரியாதோ?”

எட்டு என்றார் அமைச்சர். முப்பது என்றார். அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் மட்டும் அறுபத்து நான்கு இலைகள் இருந்தன.

“அவர்களெல்லாம் முதுமையால் இறந்தவர்கள், அரசே.”

“இரண்டு தெருவுக்கும் ஒரே திங்களில் முதுமை வந்ததோ?” என்று கேட்ட மன்னன் சிரித்தான். பிறகு கூத்தபிரானைப் பார்த்து மேலும் சிரித்தான். “நீர் ஒரு சொல்லும் பேசவில்லை. காகம் வராமலேயே சான்று சொல்லிவிட்டது. சொல்வதற்கு ஓர் அமைச்சரையும் அமர்த்திக்கொண்டது. என்ன பரிசு வேண்டும், கேளும்.”

கூத்தபிரான் சிரிக்கவில்லை.

“அரசே, தேரை நிறுத்துங்கள். மருத்துவசாலையைத் திறங்கள். பொய் சொன்ன அதே முரசு இன்றே தெருத்தெருவாகச் செல்லட்டும். யாரும் கூட்டம் கூட வேண்டா. வீட்டார் வாசலில் நின்று பெயரைச் சொல்லட்டும். அந்தப் பெயரை அமைச்சர் தம் வாயால் உரக்கக் கூறட்டும். ஒரு பெயருக்கு முரசில் ஓர் அடி. எனக்கு வேறு பரிசு வேண்டா.”

மன்னனின் சிரிப்பு அடங்கியது. அவ்வாறே ஆணையிட்டான், விசையராயரின் பதவியையும் அங்கேயே பறித்தான். மருத்துவசாலையின் பூட்டு உடைக்கப்பட்டது. நாச்சியின் மகளை முதல் கட்டிலில் கிடத்தினர்.

கதிரவன் உதித்துப் பதினேழாம் நாழிகையில் முரசு புறப்பட்டது. விசையராயரின் தொண்டை கட்டியது. ஆயினும் முரசு நிற்கவில்லை. நானூற்றுப் பதினொரு அடிகளுக்குப் பிறகு அது கடைசி வாசலுக்கு வந்தது. அங்கே நாச்சி நின்றிருந்தாள்.

“மருதன். பயணம் போகலை” என்றாள்.

விசையராயர் அந்தப் பெயரைக் கூறினார். முரசு ஒரு முறை அதிர்ந்தது. அப்போது மாலை, இருபத்தொன்பதே கால் நாழிகை.