சஞ்சலபுத்திக்குப் பொருள்

முன்னொரு காலத்தில் நெடுங்குளம் என்ற நாட்டை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட ஆட்டிவைத்தான் என்பதே சரி. காலையில் ஒன்று சொல்வான், மதியம் வேறொன்று சொல்வான். அரண்மனைக் கோபுரத்தில் சிவப்புக் கொடி ஏறினால் கொலைக்களத்தில் உடனே தலை விழும். வெள்ளைக் கொடி ஏறினால் மன்னிப்பு.

அரசவைப் பாடகன் நாகலிங்கம் ஒருநாள் பாட்டின் நடுவே இருமிவிட்டான். சிவப்புக் கொடி ஏறியது. அரை நாழிகையில் ராஜா மனம் இளகி வெள்ளைக் கொடி ஏற்றச் சொன்னான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, பாவம்.

நாகலிங்கத்தின் தம்பி திருமேனிக்கு அரண்மனையில் சொற்களுக்குப் பொருள் எழுதும் வேலை. அழுது தீர்த்த கையோடு ஏட்டை எடுத்து, ‘சஞ்சலபுத்தி’ என்ற சொல்லுக்கு எழுதினான்: “நிலையில்லாத மனம். உதாரணம்: நம் ராஜா வாங்கிய தலையை அரை நாழிகையில் திருப்பிக் கேட்டார்.”

அவனுடைய பதவிமேல் கண்வைத்திருந்த வித்துவான் சாரங்கபாணி அந்த ஏட்டைச் சபையில் உரக்கப் படித்தார்.

“நானா சஞ்சலபுத்தி? உன் தலை போகும்!” என்று ராஜா கொதித்தான்.

“போகட்டும், மகாராஜா. நான் எழுதியது பொய்யென்று காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீர்ப்பை ஒரே ஒரு நாழிகை மாற்றாமல் இருங்கள். மாற்றினால் என்னை விட்டுவிட வேண்டும்.”

“ஒரு யுகம் ஆனாலும் மாற்ற மாட்டேன்!”

அடியில் துளையிட்ட நாழிகைக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அது மூழ்கினால் திருமேனியின் கதை முடியும். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிண்ணம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. திருமேனி சாரங்கபாணியைப் பார்த்துச் சிரித்தான்.

“ஒரே வெட்டு, வித்துவானே. வலிக்கக்கூட நேரமிருக்காது. எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.”

சாரங்கபாணிக்கு வயிறெரிந்தது. “பிரபு, இவன் திமிரைப் பார்த்தீர்களா? வெட்டு போதாது, யானைக்காலில் இட வேண்டும்!”

“சபாஷ்! அப்படியே ஆகட்டும். யானையைக் கொண்டு வாருங்கள்!”

சபையில் எல்லோரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். விளிம்பு இன்னும் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. ராஜாவும் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

“பிழைத்தாய். என்ன வேண்டும், கேள்.”

“அண்ணனைக் கேட்டால் உங்களால் தர முடியாது. இனிமேல் தீர்ப்புச் சொன்ன மூன்றாம் நாள்தான் சிவப்புக் கொடி ஏற வேண்டும்.”

“தந்தேன்” என்ற ராஜா, அந்த வாயாலேயே சாரங்கபாணி பக்கம் திரும்பினான். “என்னை மாறவைத்த இவன் தலையை இப்போதே எடுங்கள்!”

வித்துவான் தரையில் விழுந்து கதறினார். அந்தத் தலை உருள்வதைப் பார்க்கத் திருமேனிக்கும் ஆசைதான். கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் கடைசியில், “மூன்று நாள், மகாராஜா” என்றான்.

மூன்றாம் நாள் கொடிக்காரன் உத்தரவு கேட்டு வந்தபோது, “சாரங்கபாணியா? அவர் என்ன தப்புச் செய்தார்?” என்றான் ராஜா.

உயிர் பிழைத்த சாரங்கபாணி நேரே ஓடிவந்து திருமேனியின் காலைக் கட்டிக்கொண்டார். “மூன்று நாள் வாங்கிக் கொடுத்தாயே, சாமி!”

திருமேனி காலை விடுவித்துக்கொண்டான்.

“என் அண்ணனுக்கு அரை நாழிகை கிடைத்திருந்தாலே போதும்” என்றான்.