கடைசிக் கவளம்

தாமிரபரணிக் கரையில், மலை இறங்கித் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் ஒரு துறவியம்மா. அவருக்கு ஒரு பேர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் மடத்தம்மா, அவ்வளவுதான்.

ஆற்றில் முழுகி, போய்ச் சேர்ந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருகிறவர்கள் மத்தியானம் அங்கே பசியாறிப் போவார்கள். ஈரத்துணியும் சிவந்த கண்ணுமாக வந்து உட்காருகிற பந்தி அது. பேச்சுச் சத்தம் அதிகம் இருக்காது.

அந்தப் பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிறவரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. மந்திரியே வந்து உட்கார்ந்தாலும் அப்படித்தான். துக்கப்பட்டு வந்த ஒரு ஜீவனை இலைக்கு முன்னால் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் கை கழுவப் போகக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் ஆதியில் வைத்துவிட்டுப் போனது.

ஆவுடை அந்த மடத்துச் சிஷ்யை. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளையில் லேசாகத்தான் இருந்தது. அவள் வளர வளர அதுவும் வளர்ந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாது. கடிக்க முடியாது, மெல்ல முடியாது. சோற்றைக்கூட நாக்கால் அண்ணத்தில் வைத்து நசுக்கி நசுக்கித்தான் உள்ளே இறக்குவாள். 'சிவசிவ' என்று சொன்னால் பாதி காற்றாகத்தான் வரும்.

பெண் பார்க்க வந்தவர்கள் "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. அதற்கப்புறம்தான் அவள் மடத்துக்கு வந்தது. மடத்தம்மா அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"பூக்கட்டத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்போ உள்ளே வா."

வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்குப் பந்தியில் ஆவுடைக்குக் கை ஓடவில்லை. எல்லாரும் முடித்துவிட்டுத் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று பயம். பாதி இலையில் மடித்துவிட்டு, வழக்கத்தையும் மீறி எழுந்துவிட்டாள்.

ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பயம் இல்லாமல் போய்விட்டது. ஏனென்றால் அவளைவிட மெல்லச் சாப்பிடுகிற ஒருத்தர் அந்தப் பந்தியில் இருந்தார். அது மடத்தம்மாதான். ஆவுடை முடித்து இலையை மடித்த பிறகும் அவர் இலையில் ஒரு கவளம் மிச்சம் இருக்கும். பரிமாறுகிற முத்தையா அண்ணாச்சி மோர்த்தூக்கோடு நின்று கேலி பண்ணுவார்.

"அம்மா, ஒங்க கவளம் வாய்க்குள்ள போறதுக்குள்ள எனக்கு மறுபடி பசி வந்துரும்போல."

"வந்தா இன்னொரு இலை போட்டுக்கோ முத்தையா. சமையலறை ஒன் கையிலதானே இருக்கு."

எல்லாரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆவுடையை யாரும் பார்க்க மாட்டார்கள். நம்மைவிட மெல்லச் சாப்பிடுகிறவரை நமக்குக் குருவாகக் கொடுத்தானே ஆண்டவன் என்று அவள் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வாள். வருசங்கள் அப்படியே போயின.

பிறகு மடத்தம்மா படுத்துவிட்டார். தொண்டையில் சோறு இறங்கவில்லை. கஞ்சித்தண்ணீரைக் கரண்டியால் ஊற்ற வேண்டியதாயிற்று. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, "இனி அவங்க விரும்பினதைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

பந்தி மட்டும் நடந்தது. இப்போது கடைசி ஆள் ஆவுடைதான். நீள நெடுகப் பந்தி முழுக்க இலையை மடித்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் தலையைக் குனிந்தபடி நசுக்கிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் முத்தையா சும்மா இருக்காமல் கேட்டுவிட்டார். "என்ன தாயி, அம்மா எடத்தை நீங்க பிடிச்சிட்டீகளா? இவுகளுக்கெல்லாம் கடைசி பஸ் போயிரும்லா."

கெட்ட மனுசர் இல்லை அவர். அம்மா இல்லாத பந்தியில் ஒரு சிரிப்பு வரட்டுமே என்றுதான் சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரிக்கவும் செய்தார்கள். ஆவுடை கையிலிருந்த சேனைக்கிழங்குத் துண்டை அப்படியே முழுசாக விழுங்கினாள்.

அது தொண்டையில் போய் நின்றுகொண்டது.

மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முகம் கறுத்துக் கண் பிதுங்கியது. இலை மேலேயே சரிந்தாள். முத்தையாதான் ஓடிவந்து அவளைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தார். துண்டு வெளியே வந்து விழுந்தது. அன்றைக்கு அந்தப் பந்தியில் அதற்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வாய் டாக்டர் ஒரு சின்னப் பெண். பொறுமையாகப் பேசினாள்.

"இத்தனை வருசம் மெல்லாம முழுங்கி முழுங்கித்தான் உங்க வயிறும் கெட்டிருக்கு. கீழ்த்தாடை எலும்பை ரெண்டு பக்கமும் அறுத்து, பின்னால தள்ளி, தகடு வச்சு முடுக்கணும். அதுக்கு முன்னால பல்லுக்குக் கம்பி கட்டி வரிசை பண்ணணும்."

"வலிக்குமா?"

"மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம். ஆனா அப்புறம் கொஞ்ச நாள் கஷ்டம்தான். தண்ணியா உள்ளதைத்தான் குடிக்கணும். கீழுதடு மரத்துப் போகும். பெரும்பாலும் உணர்ச்சி திரும்பிடும். சிலருக்கு முழுசாத் திரும்பாமலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினாள். ஆவுடையின் முகம்தான். தாடை மட்டும் உள்ளே போயிருந்தது. ஆவுடை அதைப் பார்த்தாள். முத்தையா "போவமா தாயி?" என்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பந்தியில் உட்காரவில்லை. விரதம் என்று சொல்லிவிட்டு அம்மாவுக்கு வைத்த கஞ்சியில் மிஞ்சியதைக் குடித்தாள். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனாள். ஒரு சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்மாவின் கட்டிலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"சாமி கொடுத்த முகத்தை மாத்துறது பாவமாம்மா?"

மடத்தம்மா கண்ணைத் திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது. "எனக்குக் கண்ணுல புரை விழுந்தப்போ நீதானே ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போனே. அன்னைக்கு இதைக் கேக்கலையே."

"அது கண்ணு."

"இது வாயி."

ஆவுடை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"டாக்டரம்மா ஒரு படம் காட்டினாங்க. நான் எப்படி இருப்பேன்னு. எனக்கு அது பிடிச்சிருந்ததும்மா. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவளுக்கு அது எப்படிப் பிடிக்கலாம்? பூசையில உக்காந்தா சாமி முகம் வரமாட்டேங்குது. அந்தப் படம்தான் வருது."

"எனக்குக் காட்டாம வந்துட்டியே. நானும் பாத்திருப்பேன்."

வெளியே ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு இருக்கும்மா."

"அதைச் சொல்லத்தானே வந்தே."

"இந்தத் தாடை நேரா இருந்திருந்தா நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். எவனாவது கட்டியிருப்பான், பிள்ளை குட்டின்னு போயிருப்பேன். ஒங்ககிட்ட என்னைக் கொண்டாந்து விட்டது இதுதான். இதையும் அறுத்துப் போட்டுட்டா, நீங்களும் இப்படிப் படுத்துட்டீங்க, அப்புறம் நான் இங்கே எதுக்கு..."

கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

இப்போதுதான் மடத்தம்மா கண்ணைத் திறந்தார்.

"நாளைக்கு என்னைப் பந்திக்குத் தூக்கிட்டு வரச் சொல்லு."

"ஒங்களால உக்கார முடியாதும்மா."

"சாஞ்சுக்கிட நீ இருப்பேல்லா."

மறுநாள் முத்தையாவும் இன்னொருத்தரும் நாற்காலியோடு அவரைத் தூக்கிவந்து, பந்தியில் பழைய இடத்தில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். இலையில் விழுந்த காய்ந்த சருகு மாதிரி இருந்தார். ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கொடுத்தாள். எதிர் வரிசையின் கடைசியில் ஒரு பெரியவர் இருந்தார். பெற்ற மகனுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தவர். கூட ஆள் இல்லை. அவருக்குக் கை நடுங்கும். சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் விழுந்துவிடும்.

இதெல்லாம் ஆவுடை கண்ணில் படவில்லை. அம்மா வந்துவிட்டார் என்ற ஆறுதலில், எத்தனையோ நாளைக்குப் பிறகு நிதானமாகச் சாப்பிட்டாள். நசுக்கி நசுக்கி, வழித்து, முடித்தாள். இலையை மடித்தாள். அப்பாடா என்று இருந்தது.

அப்போதுதான் அம்மாவின் இலையைப் பார்த்தாள். கொஞ்சம் மோர்ச்சோறு வாங்கி அதைப் பிசைந்து ஒரே ஒரு கவளமாக உருட்டி இலை ஓரத்தில் வைத்திருந்தார். ஆவுடை இலையை மடித்ததும் அவர் கை தானாக அந்தக் கவளத்துக்குப் போனது. எடுத்தது. ஆனால் மேலே வரவில்லை. கவளம் இலையிலேயே விழுந்தது.

பந்தி காத்திருந்தது.

"அம்மா, நான் ஊட்டட்டுமா?"

"வேண்டாம். இறங்காது."

"இறங்காதுன்னு தெரிஞ்சும் ஏம்மா பிசைஞ்சீங்க?"

"பழக்கம்."

"என்ன பழக்கம்?"

மடத்தம்மா அவளுடைய மடித்த இலையைப் பார்த்தார். "நீ முடிக்கட்டும்னு."

ஆவுடைக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு நாளாக ஞாபகம் வந்தது. அவள் இலையை மடிப்பாள், அம்மா கவளத்தை வாயில் போடுவார். அவள் மடிப்பாள், அம்மா போடுவார். ஒருநாள்கூட அது முன்பின் மாறியதில்லை.

"எப்போலேருந்தும்மா?"

"நீ பாதி இலையில எந்திரிச்சுப் போனியே, அதுக்கு மறுநாள்லேருந்து."

"மெல்லச் சாப்பிடுறவுகன்னுல்ல நாங்க..."

"நானா?" மடத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாகப் போனது. "எங்க வீட்டுல நான்தான் முதல்ல கை கழுவுவேன். 'தீப்பிடிச்ச வீட்டுல உக்காந்து திங்கிற மாதிரி திங்கா பாரு'ன்னு எங்க அத்தை ஏசுவா."

மோர்த்தூக்கோடு நின்ற முத்தையா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆவுடைக்குக் கண்ணீர் தாடையில் வந்து தேங்கியது. துடைக்கக் கை வரவில்லை.

"அழுறதை அப்புறம் வச்சுக்கோ," என்றார் மடத்தம்மா. "அங்கே பாரு."

ஆவுடை பார்த்தாள். எதிர் வரிசைப் பெரியவரின் இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லா இலையும் மடித்திருந்தது. மடத்தம்மாவின் கை கவளத்துப் பக்கத்தில் செயலற்றுக் கிடந்தது. உடம்புக்கு முடியாத அம்மாவைக் காக்க வைத்துவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, நடுங்குகிற கையால் தன் இலையைச் சோற்றின் மேல் மடிக்கப் போனார்.

"உன் இலையில என்ன இருக்கு?" என்று மடத்தம்மா கேட்டார்.

ஒன்றும் இல்லை. வழித்து மடித்தாயிற்று.

ஆவுடை தன் இலையை மெல்லப் பிரித்தாள். மடத்தம்மா புறங்கையால் அந்தக் கவளத்தை நகர்த்தி நகர்த்தி அவள் இலையில் தள்ளினார். அது அவருக்கு ஒரு மலையைத் தள்ளுகிற வேலையாக இருந்தது. ஆவுடை கவளத்தை எடுத்துப் பெரியவர் பார்க்கும்படியாக வாயருகே கொண்டுபோனாள்.

பெரியவர் பார்த்தார். இலையை மடிக்கப் போன கை நின்றது. பிறகு சோற்றுக்குள் போனது.

மடத்தம்மா ஆவுடையின் தோளில் சாய்ந்துகொண்டார். மூச்சு அவள் கழுத்தில் பட்டது. அவ்வளவு லேசான மூச்சு.

"நான் இனிப் பந்திக்கு வரமாட்டேன் ஏட்டி."

ஆவுடை கவளத்தை வாயில் வைத்தாள்.

"டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வா. சீக்கிரம் சாப்பிட முடிஞ்சவதான் இன்னொருத்தருக்காக மெல்லச் சாப்பிட முடியும்."

ஆவுடை பெரியவரின் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் கவளம் இருந்தது.